நிழலைப் பார்த்து எக்ஸ்போஷர் வைக்கலாம்: காட்டுயிர் படம் எடுக்கத் தொடங்குவோருக்கு

குளத்தின் மறுகரையில் ஒரு வெண்கொக்கு நின்றிருந்தது. காலை வெயில் அதன் மேல் நேராக விழுந்தது. பின்னால் இருண்ட புதர். ஃபிரேமில் கொக்கு சின்னதாக ஒரு ஓரத்தில். மற்ற இடமெல்லாம் புதர்தான். கேமராவின் மீட்டர் அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சம் போதவில்லை என்று முடிவு செய்து ஷட்டரை மெதுவாக்கிவிட்டது. நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் கொக்கின் உடம்பில் ஓர் இறகுகூடத் தெரியவில்லை. வெள்ளைத் தாளைக் கொக்கு வடிவத்தில் வெட்டி ஒட்டியது போல இருந்தது. முதுகில் தொங்கும் மெல்லிய இழைகள், இறக்கை மடிப்பில் விழும் சாம்பல் நிழல், எல்லாமே ஒரே வெள்ளையில் கரைந்துவிட்டன.

அன்று வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லை. மேகமே இல்லாத காலை. என் காலடியில் என் நிழல் கறுப்பாகக் கிடந்தது. அதைப் பார்த்திருந்தாலே சரியான எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் விட வேண்டும் என்ற அளவு, கிடைத்திருக்கும். அந்த நிழலை எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஒரு தடவை பழகிவிட்டால் கண்ணை விலங்கின் மேல் வைத்துக்கொண்டே டயலைத் திருப்பலாம்.

மீட்டர் எங்கே தடுமாறுகிறது

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், பறவையின் மேல் விழும் வெளிச்சத்தை அளப்பதில்லை. பறவையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. எதிரே இருப்பது வெயிலில் நிற்கும் கறுப்பா, நிழலில் நிற்கும் வெள்ளையா என்று அதற்குத் தெரியாது. அதனால் பார்ப்பதையெல்லாம் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். விழுந்த ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. இப்போது வரும் கேமராக்கள் பறவையின் கண்ணைக்கூடக் கண்டுபிடிக்கின்றன. ஆனாலும் ஃபிரேமில் பாதிக்கு மேல் வானமோ இருட்டுப் புதரோ இருந்தால் கணக்கு அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

கொக்கு தண்ணீரிலிருந்து எழுந்து பறக்கிறது என்று வையுங்கள். முதல் நொடியில் அதன் பின்னால் கரும்பச்சைத் தண்ணீர். அடுத்த நொடியில் மரங்கள். அதற்கடுத்து வெளிறிய வானம். மூன்று நொடிக்குள் மீட்டர் மூன்று அளவு சொல்லும். கொக்கின் மேல் விழும் வெயிலோ கடுகளவும் மாறவில்லை. அந்த வெயிலுக்கு ஏற்ற அளவை மேனுவலில் (அளவை நாமே வைக்கும் முறையில்) வைத்துவிட்டால் மூன்று இடத்திலும் கொக்கு ஒரே மாதிரி வரும்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சூரியன் நம்மிடமிருந்து அத்தனை தொலைவில் இருப்பதால், இருபது அடியில் நிற்கும் மானுக்கும் இருநூறு அடியில் நிற்கும் மானுக்கும் ஒரே வெயில்தான். வெளிச்சம் அளக்கவென்று கிட்டே போய் விலங்கைக் கலைக்க வேண்டிய தேவையே வராது. உங்கள் காலடியில் விழும் வெயிலும் அதன் முதுகில் விழும் வெயிலும் ஒன்றாக இருந்தால் போதும்.

ஸ்டாப் கணக்கு

இந்தக் கணக்கு விரல் நுனியில் இருக்க வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது, அல்லது பாதியாவது. ஷட்டரும் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்) ஐஎஸ்ஓவும் (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) சுலபம். 1/1000-லிருந்து 1/500-க்கு வந்தால் ஒரு ஸ்டாப் கூடுகிறது. ஐஎஸ்ஓ 400-லிருந்து 800-க்குப் போனாலும் ஒரு ஸ்டாப் கூடுகிறது. அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எண்களை மட்டும் மனப்பாடம் செய்தாக வேண்டும்: 2.8, 4, 5.6, 8, 11, 16, 22. எண் ஏற ஏற வெளிச்சம் படிக்குப் படி பாதியாகும்.

பெரும்பாலான கேமராக்களில் டயலின் ஒரு க்ளிக் மூன்றில் ஒரு ஸ்டாப். அதாவது மூன்று க்ளிக் சேர்ந்தால் ஒரு ஸ்டாப். நான் எண்களைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டேன். க்ளிக்கை விரலால் எண்ணுகிறேன். வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் 'மூன்று க்ளிக் இந்தப் பக்கம்' என்று திருப்ப முடிவது காட்டில் பெரிய வசதி.

ஒரே ஒரு வரியை மனப்பாடம் செய்யுங்கள்

ஃபிலிம் காலத்திலிருந்தே புழங்கும் ஒரு விதி இருக்கிறது: சன்னி 16. தெளிவான வெயிலில் அப்பர்ச்சரை எஃப் 16-இல் வைத்து, ஐஎஸ்ஓ எண்ணையே ஷட்டராக வைத்தால் அளவு சரியாக வரும். ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400 நொடி. அந்தக் காலத்து ஃபிலிம் பெட்டிகளில் வெயிலுக்கும் மேகத்துக்கும் சின்னச் சின்னப் படம் போட்டு இந்தக் கணக்கைத்தான் அச்சிட்டிருந்தார்கள்.

ஆனால் பறவையையோ ஓடும் விலங்கையோ எஃப் 16-இல் யாரும் எடுப்பதில்லை. ஷட்டர் வேகம் போதாது, பின்னணியும் மங்காது. அதனால் அதை நம் வேலைக்கு மாற்றிக்கொள்வோம். எஃப் 16-லிருந்து 5.6 வரை மூன்று படி திறக்கிறோம். ஈடாக ஷட்டரை மூன்று படி வேகமாக்குகிறோம். 1/400, 1/800, 1/1600, 1/3200.

ஆக, மனதில் நிற்க வேண்டிய வரி இதுதான்: ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 1/3200.

உங்கள் டெலி ஜூம் முழு நீளத்தில் 6.3 வரைதான் திறக்கும் என்றால் ஒரு க்ளிக் மெதுவாக, 1/2500. எஃப் 8-இல் எடுக்க விரும்பினால் 1/1600. லென்ஸின் எட்டும் தூரத்தைப் பெருக்கும் டெலிகன்வர்ட்டரில் 1.4 மடங்கு மாட்டினால் ஒரு ஸ்டாப் போகும், 2 மடங்கு மாட்டினால் இரண்டு. உங்கள் லென்ஸுக்கான வரி எது என்று இன்றே கணக்குப் போட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பைக்குள் வையுங்கள். மற்றதெல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து கூட்டுவதும் கழிப்பதும்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கேமராவை மேனுவலில் வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுபவர்கள் நிறைய. அப்படி விட்டால் மீட்டர் பின்வாசல் வழியாக உள்ளே வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஆட்டோ ஐஎஸ்ஓவை அணையுங்கள்.

நிழலிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: நிழலின் விளிம்பு எப்படி இருக்கிறது?

கேமரா பையைத் தரையில் வையுங்கள். அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் விரல்களை விரித்துப் பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே ஒரு சாண் உயரம் இருக்கட்டும், ஏனென்றால் கையை உயர்த்த உயர்த்த நல்ல வெயிலில்கூட நிழல் மங்கிக்கொண்டே போகும். ஐந்து விரலும் தனித்தனியாக, கத்தியால் வெட்டியது போல விழுந்தால் முழு வெயில். மனப்பாட வரியை அப்படியே வைக்கலாம். நிழல் கறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓரம் மெத்தென்று கலைந்திருக்கிறது என்றால் மெல்லிய மேகம் மறைக்கிறது. ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், 1/1600. விரல்கள் பிரியாமல் ஏதோ கறை மாதிரி மட்டும் தெரிந்தால் இரண்டு ஸ்டாப், 1/800. நிழலே இல்லையென்றால் மூன்று, 1/400.

வெளியே நல்ல வெயில் இருக்க, விலங்கு மட்டும் ஒரு மரத்தின் திறந்த நிழலில் நின்றால் மூன்றிலிருந்து நான்கு ஸ்டாப் கூட்ட வேண்டியிருக்கும். அடர்ந்த காட்டுக்குள், தலைக்கு மேல் இலைக்கூரை மூடிய இடத்தில், ஐந்து ஸ்டாப்புக்கு மேலேயே போகும். அங்கே மட்டும் கண்ணை நம்பாதீர்கள் என்பேன். நம் கண் இருட்டுக்குத் தானே பழகிக்கொள்வதால் 'பரவாயில்லை, வெளிச்சமாகத்தானே இருக்கிறது' என்று ஏமாற்றும். ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்த்துவிடுவதே நல்லது.

இரண்டாவது கேள்வி: நிழல் எவ்வளவு நீளம்?

நிழல் உங்கள் உயரமோ அதைவிடக் குறைவோ இருந்தால் சூரியன் நன்றாக மேலே ஏறிவிட்டது. எதுவும் மாற்ற வேண்டாம். உங்களைப் போல இரண்டு மடங்கு நீண்டிருந்தால் அரை ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது ஒன்றிரண்டு க்ளிக். நான்கு மடங்கு என்றால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப். அதற்கும் மேல் நீண்டு புல்வெளி முழுக்கக் கிடந்தால் இரண்டு, மூன்று ஸ்டாப்கூடத் தேவைப்படும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதன் ஒளி காற்றின் அடர்ந்த அடுக்குகளைச் சாய்வாகக் கடந்து வர வேண்டியிருப்பதே காரணம். விடிந்த முதல் அரை மணி நேரத்திலும் மறைவதற்கு முந்தைய அரை மணி நேரத்திலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவைத் திருத்த வேண்டும். படத்துக்கு மிக அழகான வெளிச்சமும் அதுதான், அளவு நம் கையை மீறி ஓடுவதும் அப்போதுதான்.

மூன்றாவது கேள்வி: நிழல் எந்தப் பக்கம் நீள்கிறது?

உங்கள் நிழல் நேரே விலங்கை நோக்கி நீண்டால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. விலங்கின் முகம் முழுக்க வெளிச்சம். சன்னி 16 விதி சொல்வது இந்த நிலையைத்தான். பறவை எடுக்க நான் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே இப்படித்தான்: என் நிழலின் தலை பறவையைச் சுட்டும்படி மெல்ல நகர்ந்து நிற்பேன். நிழல் பக்கவாட்டில் விழுந்தால் விலங்கின் ஒரு பாதி இருளும். அந்தப் பாதியும் தெரிய வேண்டுமென்றால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். நிழல் உங்களுக்குப் பின்னால் விழுந்தால் நீங்கள் வெயிலுக்கு எதிரே நிற்கிறீர்கள். விலங்கின் உடம்பு தெரிய இரண்டு ஸ்டாப் வேண்டும். அல்லது ஒன்றுமே கூட்டாமல் விட்டு, கொம்பின் வளைவும் முதுகுமயிரும் ஒளிக்கோடாக மின்னுவதை மட்டும் எடுக்கலாம். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.

அப்புறம் விலங்கின் நிறம்

இதுவரை வைத்த அளவு நடுத்தர நிறங்களுக்குப் பொருந்தும். மான், குரங்கு, சிறுத்தை, புள்ளி ஆந்தை, பழுப்பும் பச்சையுமான பெரும்பாலான பறவைகள் எல்லாம் இதில் அடங்கும். மாற்றம் தேவைப்படுவது இரண்டு முனைகளுக்கு மட்டும்.

கொக்கு, கூழைக்கடா போன்ற வெள்ளைப் பறவைகள் முழு வெயிலில் இருந்தால் இரண்டு அல்லது மூன்று க்ளிக் குறையுங்கள். காட்டெருமை, கரடி, நீர்க்காகம், காகம் என்றால் இரண்டு அல்லது மூன்று க்ளிக் கூட்டுங்கள். உடம்பில் கறுப்பும் வெள்ளையும் கலந்த பறவையா? வெள்ளையைக் காப்பாற்றுங்கள். கறுப்பில் ஒளிந்திருக்கும் விவரத்தை ரா கோப்பிலிருந்து (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) ஓரளவு மீட்கலாம், பொசுங்கிப்போன வெள்ளையில் மீட்க ஒன்றுமே இருக்காது.

இந்த இடத்தில் புதியவர்கள் பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். 'வெள்ளைக்குக் கூட்ட வேண்டும் என்றல்லவா சொல்லிக் கொடுத்தார்கள், இங்கே குறைக்கச் சொல்கிறீர்களே?' என்பார்கள். இரண்டும் சரிதான், தொடங்கும் இடம்தான் வேறு. மீட்டரை நம்பி எடுப்பவர், ஃபிரேம் நிறைய வெள்ளை இருந்தால், மீட்டர் அதைச் சாம்பலாக்கிவிடும் என்பதற்காகக் கூட்டுகிறார். நாம் மீட்டரையே கேட்கவில்லை. விழும் வெயிலுக்கு அளவு வைத்திருக்கிறோம். அந்த அளவில் வெள்ளை தானாகவே வெள்ளையாக, நடுச்சாம்பலுக்கு இரண்டு ஸ்டாப்புக்கும் சற்று மேலே போய் உட்காரும். வெயில் நேராகப் பட்டுப் பளபளக்கும் இறகு அதையும் தாண்டிவிடும். அந்தப் பளபளப்புக்கு இடம் விடத்தான் குறைக்கிறோம். மேகமூட்டத்தில் அந்தப் பளபளப்பு இருக்காது, அதனால் அப்போது ஒரு க்ளிக் குறைத்தாலே போதும்.

இரண்டு காட்சிகள்

காலை நேரம். பையின் மேல் விரல் நிழல் கூர்மையாக விழுகிறது. என் நிழல் இரண்டு ஆள் நீளத்துக்கு, கொக்கை நோக்கிக் கிடக்கிறது. தொடங்குவது 400, 5.6, 1/3200. நீளத்துக்காக இரண்டு க்ளிக் கூட்டினால் 1/2000. வெள்ளைக்காக இரண்டு க்ளிக் குறைத்தால் மறுபடி 1/3200. பறக்கும் பறவைக்கும் இந்த வேகம் தாராளம். அப்படியே விட்டுவிட்டுக் காத்திருக்கலாம். இடையில் மெல்லிய மேகம் ஒன்று வந்து நிழலின் ஓரம் கலைந்தால் ஷட்டரை 1/1600-க்கு இறக்கினால் சரி, மேகம் விலகியதும் பழையபடி.

இன்னொன்று. வானம் முழுக்க மூடியிருக்கிறது. நிழலே இல்லை. காட்டின் விளிம்பில் ஒரு காட்டுப்பன்றி மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறது. மூன்று ஸ்டாப் கூட்டினால் 400, 5.6, 1/400. தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் விலங்குக்கு 1/400 குறைவு. அதனால் ஐஎஸ்ஓவை 800 ஆக்கி ஷட்டரை 1/800-க்கு ஏற்றுகிறேன். அதன் கறுத்த உடம்புக்காக இரண்டு க்ளிக் கூட்ட வேண்டும், அதையும் ஐஎஸ்ஓவிலேயே கூட்டினால் 1250. இருண்ட மயிர்க்கால்கள் இடையே ஒட்டிய ஈரமண் தெரியும்.

பறவை உங்கள் தலைக்கு நேர் மேலே பறந்தால் மட்டும் கணக்கு மாறும். நாம் பார்ப்பது அதன் அடிப்பக்கம். வெயில் விழுவது மேல்பக்கம். அடிப்பக்கம் தரையிலிருந்து எழும் ஒளியில்தான் தெரிகிறது. கீழே கறுத்த காடு என்றால் ஒன்றரை ஸ்டாப்போ அதற்கு மேலோ கூட்ட வேண்டும். கீழே வெளிறிய மணலோ பனியோ இருந்தால் அதுவே கண்ணாடி போல ஒளியை மேலே அனுப்பும், கொஞ்சம் கூட்டினாலே போதும். மணல்வெளிக்கு மேலே பறக்கும் பருந்தின் இறக்கை அடியில் வரிவரியாகத் தெரியும் இறகுகளை ஒரு முறை பார்த்துவிட்டால், அதே பருந்து காட்டுக்கு மேலே ஏன் வெறும் கறுப்பாக வந்தது என்று புரிந்துவிடும்.

சரிபார்ப்பதும் பழகுவதும்

கணித்துவிட்டோம் என்பதற்காகப் பார்க்காமலே எடுத்துக்கொண்டே போக வேண்டாம். இடத்துக்குப் போனதும், விலங்கு வருவதற்கு முன்பே, அதே வெயில் விழும் ஒரு கல்லையோ புல்லையோ ஒரு படம் எடுங்கள். வெயிலில் இருக்கும் பச்சைப் புல் ஏறக்குறைய நடுச்சாம்பல் அளவுக்கு ஒளியைத் திருப்புவதால் சோதனைக்கு மிக நல்லது. ஹிஸ்டோகிராமில் (படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம்) அதன் மேடு நடுவை ஒட்டி வந்தால் சரி. பொசுங்கிய வெள்ளையைக் கண்சிமிட்டிக் காட்டும் வசதியையும் முடுக்கிவிடுங்கள். பறவையின் மார்பு சிமிட்டினால் இரண்டு க்ளிக் குறையுங்கள். பின்னாலிருக்கும் வானம் சிமிட்டினால் கவலையில்லை. திரையின் பிரகாசத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நடுப்பகல் வெயிலில் எல்லாப் படமும் இருண்டதாகவே தெரியும்.

பழகுவதற்குக் காடு வேண்டாம், கேமராகூட வேண்டாம். நடந்து போகும்போது தரையைப் பார்த்து, விளிம்பு, நீளம், திசை மூன்றையும் கேட்டு, மனதுக்குள் ஒரு அளவு சொல்லுங்கள். கேமரா கையில் இருந்தால் முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் புல்லை மீட்டரில் பார்த்து எத்தனை க்ளிக் தவறினோம் என்று குறித்து வையுங்கள். தொடக்கத்தில் ஒரு ஸ்டாப் வரை தவறும். ரா கோப்பில் அது தாங்கும். தினமும் பார்த்தால் சில வாரங்களில் ஒன்றிரண்டு க்ளிக்குக்குள் வந்துவிடும்.

எண் நினைவில் இருப்பது எவ்வளவு கைகொடுக்கும் என்பதற்கு 1941-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நடந்த ஒன்று எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் கல்லறைச் சிலுவைகள் மேல் மாலை வெயிலின் கடைசிக் கீற்று விழுந்துகொண்டிருந்தது. மேலே நிலா எழுந்திருந்தது. புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் அவசரமாகக் கேமராவை நிறுத்தினார், ஆனால் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவிருந்தது. அதை வைத்து அளவு போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது.

நிலவும் வெயிலில் கிடக்கும் ஒரு பாறைதான் என்பதால் அதற்கும் ஒரு வரி உண்டு: உச்சிக்கு ஏறிய முழு நிலவுக்கு எஃப் 11, ஷட்டர் ஐஎஸ்ஓ எண். நம் அளவில் சொன்னால் ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 1/1600. இரவில் நிலவைக் கடந்து பறக்கும் நாரைக் கூட்டத்துக்காகக் காத்திருப்பீர்கள் என்றால் இதையும் அந்தத் துண்டுச் சீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.